நிற்கும் சக்கரமும் பாயும் குதிரைகளும்: முகத்துவாரத்தில் ஒரு ராட்டினத் திருத்த வேலை

முகத்துவாரத்தில், களனி கங்கை கடலோடு சேரும் இடத்துக்குச் சற்று உள்ளே, ஒரு வளவில் தார்ப்பாயின் கீழ் ஒரு குதிரை ராட்டினம் இருக்கிறது. இரண்டு வரிசையாகப் பன்னிரண்டு மரக்குதிரைகள், இருபது அடி விட்டமுள்ள பலகைத் தளம், நடுவே ஓர் இரும்புக் கம்பம், மேலே கூடாரத் துணி. வெசாக் காலம், தேவாலயத் திருநாட்கள், கோயில் திருவிழாக்கள், ஆண்டிறுதிக் கார்னிவல்கள் என்று கூட்டம் சேரும் நாட்களில் அது கழற்றப்பட்டு லொறியில் ஏறிப் போய், கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் கிடைக்கும் வெறுங்காணிகளில் பொருத்தப்பட்டுச் சுழலும். கடந்த பருவத்தில் அதன் குதிரைகள் ஓரிடத்துக்கு வரும்போது தயங்கித் துள்ளுவதாகவும், மேலேயிருந்து ‘டக்’ என்று ஓசை கேட்பதாகவும் அதன் உரிமையாளரான பெரியவர் சொல்லியனுப்பினார். கிராண்ட்பாஸில் சிறிய கடைசல் பட்டறை வைத்திருக்கும் எனக்கு இப்படியொரு இயந்திரத்தின் உச்சி வரை ஏறிப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது அதுவே முதன்முறை. ராட்டினம் வைத்திருப்பவர்களுக்கும், பழைய இயந்திரங்களில் ஆர்வமுள்ளவர்களுக்கும் பயன்படும் என்பதால் செய்த வேலையை விரிவாக எழுதுகிறேன்.

பழுதைப் புரிந்துகொள்ள முதலில் அமைப்பைச் சொல்ல வேண்டும். நடுக்கம்பத்தின் உச்சியில் அறுபது பற்கள் கொண்ட வார்ப்பிரும்புப் பெவல் சக்கரம் (சாய்வாக வெட்டிய பற்களுள்ள சக்கரம்) ஒன்று படுக்கையாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. கம்பம் சுழல்வதில்லை, ஆகவே அந்தச் சக்கரமும் சுழலக் கூடாது. கூரைச் சட்டத்தில் நடுவிலிருந்து வெளிப்புறமாக ஆறு கிராங்க் தண்டுகள் நீள்கின்றன. ஒவ்வொன்றின் உள்முனையிலும் பதினைந்து பற்கள் கொண்ட சிறு சக்கரம் ஒன்று உண்டு. மோட்டார் கூரைச் சட்டத்தையும் தளத்தையும் சேர்த்துச் சுழற்றும்போது, இந்தச் சிறு சக்கரங்கள் அசையாமல் நிற்கும் பெரிய சக்கரத்தின் மேல் உருண்டு போகின்றன. அவற்றோடு தண்டுகளும் தத்தம் அச்சில் சுழல்கின்றன. ஒவ்வொரு தண்டிலும் எதிரெதிராகத் திரும்பிய இரண்டு வளைவுகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து தொங்கும் கம்பிகளில்தான் குதிரைகள் கோக்கப்பட்டிருக்கின்றன. வளைவின் ஆரம் ஐந்து அங்குலம் என்பதால் குதிரை பத்து அங்குலம் ஏறி இறங்குகிறது. அறுபதைப் பதினைந்தால் வகுத்தால் நான்கு; எனவே ராட்டினம் ஒருமுறை சுற்றி வருவதற்குள் ஒவ்வொரு குதிரையும் நான்குமுறை பாய்கிறது. நிமிடத்துக்கு ஐந்து சுற்று என்ற வேகத்தில் பார்த்தால் மூன்று விநாடிக்கு ஒரு பாய்ச்சல். வெளிவரிசைக் குதிரை இறங்கும்போது அதே தண்டிலுள்ள உள்வரிசைக் குதிரை ஏறுவதால், ஒன்றின் எடை மற்றதைத் தூக்கிவிடுகிறது. அனுபவமுள்ள ராட்டினக்காரர் குழந்தைகளை ஏற்றும்போது வெளியே ஒருவர், உள்ளே ஒருவர் என்று பார்த்துப் பார்த்து அமர்த்துவதன் காரணம் இதுதான்.

இந்த ஏற்ற இறக்கம் ராட்டினத்தோடு கூடப் பிறந்ததல்ல. 1662 ஜூன் மாதத்தில் பதினான்காம் லூயி மன்னர் பாரிஸின் துயிலரீஸ் அரண்மனைக்கு முன்னால் நடத்திய மாபெரும் குதிரை அணிவகுப்பும் ஆயுத விளையாட்டுகளும் இதன் முன்வரலாற்றில் முக்கியமானவை. அந்தத் திடல் இன்றும் கரூசெல் திடல் என்றே வழங்கப்படுகிறது. தொங்கும் வளையத்தை ஈட்டி நுனியால் கோத்தெடுப்பது அவ்விளையாட்டுகளில் ஒன்று. அதற்குப் பயிற்சி பெறுவதற்காகச் சுழலும் சட்டத்தில் மரக்குதிரைகளைப் பொருத்தி, அவற்றை ஆட்களையோ விலங்குகளையோ கொண்டு சுழற்றினார்கள். ஜெர்மனியில் ஹனாவு நகருக்கு அருகிலுள்ள வில்ஹெல்ம்ஸ்பாட் பூங்காவில் 1780இல் கட்டி முடிக்கப்பட்ட ராட்டினம், நெடுங்காலம் ஓடாமல் கிடந்து, புதுப்பிக்கப்பட்டு 2016இல் மீண்டும் சுழலத் தொடங்கியது. அங்கே குதிரைகளும் தேர்களும் தளத்தோடு நிலையாகவே நிற்கின்றன.

பாய்ச்சல் வந்தது நீராவிக்குப் பிறகு. இங்கிலாந்தின் நோர்ஃபோக் பகுதியில் 1860களில் நீராவியால் சுழலும் ராட்டினங்கள் தோன்றின. அதே பகுதியில் கிங்ஸ் லின் நகரில் விவசாய இயந்திரங்கள் செய்துவந்த ஃபிரெடரிக் சவேஜ், நீராவி எந்திரத்தை நடுவே வைத்து, அதைச் சுற்றி ராட்டினத்தை அமைக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார்; 1880களில் மேலே கிராங்க் தண்டுகளையும் பற்சக்கரங்களையும் வைத்துக் குதிரைகளைப் பாயச் செய்யும் ராட்டினங்கள் அவருடைய பட்டறையிலிருந்து வெளிவந்தன. அவர் உயிரோடிருக்கும்போதே அந்நகரில் அவருக்குச் சிலை வைத்தார்கள். முகத்துவாரத்து ராட்டினத்தின் மேல்பாகத்தைத் திறந்து பார்த்தபோது, வயலில் கதிரடிக்கும் இயந்திரம் செய்தவருடைய சிந்தனை அதில் தெளிவாகவே தெரிந்தது. எல்லாம் தடித்த தண்டு, பெரிய பல், திறந்த பெயாரிங். எந்த ஊர்க் கொல்லரும் ஸ்பானரும் சுத்தியலும் கொண்டு கழற்றிப் பூட்டக்கூடிய அமைப்பு. ஊர் ஊராகப் போகும் இயந்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான வடிவத்தை என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை.

இனிப் பழுதுக்கு வருகிறேன். பெரியவர் குதிரைக் கம்பிகள் வளைந்துவிட்டன என்றே நம்பிக்கொண்டிருந்தார். “தம்பி, கம்பிய மாத்தினா சரியா வரும்” என்று பழைய இரும்புக் கடையில் குழாய்களுக்கும் சொல்லிவைத்திருந்தார். கம்பிகளைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம் என்று நான் கேட்டுக்கொண்டேன். ஒரே ஒரு தண்டில் பழுது என்றால், அந்தத் தண்டின் இரு குதிரைகள் மட்டும், சுற்றுக்கு நான்குமுறை துள்ள வேண்டும். எல்லாத் தண்டுகளும் தரையின் ஒரே இடத்துக்கு நேராக வரும்போது துள்ளினால், பழுது சுழலும் பாகத்தில் இருக்க முடியாது. குதிரைகளின் மேல் மணல் மூட்டைகளைக் கட்டி, ராட்டினத்தை மெதுவாக ஓடவிட்டு, ‘டக்’ ஓசை கேட்கும் இடத்துக்கு நேரே தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டோம். ஆறு தண்டுகளும் அதே கோட்டின் மேல்தான் துள்ளின.

அதோடு விஷயம் முடியவில்லை. பாரத்தோடு சிறிது நேரம் ஓடிய பின் மறுபடி பார்த்தபோது, துள்ளும் இடம் கோட்டை விட்டு ஒரு சாண் அளவுக்கு, ராட்டினம் சுழலும் திசையிலேயே நகர்ந்திருந்தது. நிற்க வேண்டிய சக்கரம் நிற்கவில்லை என்பது அப்போது உறுதியாயிற்று. பெரியவரிடம் இதைச் சொன்னவுடன் அவர் ஒரு பழைய விஷயத்தை நினைவுபடுத்தினார்: “முந்தி டிக்கட் மேசைக்கு முன்னால வெள்ளைக் குதிரை எப்பவும் உச்சியிலதான் வரும். இப்ப அப்படி வாறதில்ல தம்பி.” அந்த ஒரு வாக்கியத்தில் முழுப் பழுதும் இருந்தது. பற்களின் விகிதம் மிச்சமின்றி நான்காக இருப்பதால், குறிப்பிட்ட ஒரு குதிரை தரையின் குறிப்பிட்ட ஓரிடத்தை எத்தனைமுறை கடந்தாலும் ஒரே உயரத்தில்தான் கடக்க வேண்டும். அந்த உயரம் மாறுகிறது என்றால் நடுச்சக்கரம் நழுவுகிறது என்று பொருள். பல ஆண்டுகளாக மேசைக்குப் பின்னால் அமர்ந்து பார்த்த கண்ணுக்கு அது எப்போதோ தெரிந்திருக்கிறது.

கூடாரத் துணியை இறக்கி, தண்டுகளின் உள்முனைகளுக்கு முட்டுக் கொடுத்துச் சிறு சக்கரங்களை விலக்கியபின் நடுச்சக்கரம் முழுமையாகக் கண்ணுக்குத் தெரிந்தது. ராட்டினத்தை அடிக்கடி கழற்ற வேண்டியிருப்பதால் அது இரண்டு பாதிகளாக வார்க்கப்பட்டு, கம்பத்தைச் சுற்றி போல்ட்களால் இறுக்கப்பட்டிருந்தது. ஒரு பக்க மூட்டில் போல்ட்கள் தளர்ந்து, அவற்றின் துளைகள் முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தன. மூட்டின் இரு முகங்களுக்கும் நடுவில் ஒரு ரூபாய்க் குற்றியை நுழைக்கும் அளவுக்கு இடைவெளி. அந்த இடைவெளியைத் தாண்டும்போது சிறு சக்கரத்தின் பல், எதிர்ப் பல்லின் தோளில் ஏறி விழுந்ததுதான் ‘டக்’ ஓசை. மூட்டு திறந்ததால் கம்பத்தின் மேலிருந்த பிடியும் தளர்ந்து, சக்கரத்தைக் கம்பத்தோடு பூட்டும் உருக்குச் சாவி ஒரு பக்கம் முழுக்கச் சப்பையாகியிருந்தது. துள்ளல், நழுவல் இரண்டுக்கும் காரணம் ஒன்றே. கம்பிகளை மாற்றியிருந்தால் பணம் போயிருக்கும். பழுது அப்படியே இருந்திருக்கும்.

தேய்ந்த துளைகளை வெல்டிங் செய்து நிரப்பிவிடலாம் என்று அங்கிருந்தவர்களில் சிலர் கூறினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வார்ப்பிரும்பை ஓரிடத்தில் மட்டும் சூடேற்றினால், ஆறும்போது அதன் பக்கத்திலேயே விரிசல் விழும் ஆபத்து உண்டு. இந்தச் சக்கரத்தில் விரிசல் விழுந்தால் மாற்றுச் சக்கரம் கடையில் கிடைக்காது. ஆகவே இரண்டு பாதிகளையும் பட்டறைக்குக் கொண்டுவந்து, மூட்டு முகங்களை அரத்தால் துடைத்து, நீலச்சாயம் பூசி ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, சாயம் முகம் முழுவதும் படியும்வரை சமப்படுத்தினோம். பின்னர் இரண்டையும் இறுக்கமாகச் சேர்த்துப் பிடித்தபடியே துளைகளை ரீமரால் அடுத்த அளவுக்குப் பெருப்பித்தோம். அந்த அளவுக்கென்றே கடைந்த போல்ட்கள், கையால் தள்ளினால் போகாமலும் மெல்லத் தட்டினால் போகும்படியும் அமைந்தன. சாதாரண போல்ட் இறுக்கத்தால் மட்டுமே பிடிக்கும். துளையை நிறைத்து நிற்கும் போல்ட், பாதிகள் பக்கவாட்டில் நகராமலும் தடுக்கும். ராட்டினம் போன்று தொடங்கும்போதும் நிற்கும்போதும் உதறுகிற இயந்திரத்துக்கு இரண்டாவது வகையே வேண்டும்.

பாதிகள் முகத்தோடு முகம் பொருந்திய பின்பும் அவை கம்பத்தை இறுகப் பிடிக்கவில்லை, ஏனெனில் நழுவி நழுவி உட்துளையும் தேய்ந்திருந்தது. புறக்கோட்டையில் வாங்கிய மெல்லிய பித்தளைத் தகட்டை வெட்டி, கம்பத்தைச் சுற்றி வைத்து அந்த இடைவெளியை நிரப்பினோம். சாவிக்கான பள்ளத்தை இரு பக்கமும் ஒரே அளவாகும்வரை அகலப்படுத்தி, புதிய உருக்குச் சாவியைக் கையாலேயே அரத்தால் தேய்த்து இறக்கினேன். இந்த வேலையில் அவசரப்படக் கூடாது. சாவியின் இரு பக்கங்களும் பள்ளத்தின் சுவரை முழு நீளத்துக்கும் தொட வேண்டும். ஒரு முனை மட்டும் தொட்டால் சில திருவிழாக்களுக்குள் மறுபடி தளர்ந்துவிடும்.

தண்டுகளைத் தாங்கும் வெண்கலப் புஷ்களில் பாதிக்கு மேல் மாற்ற வேண்டியிருந்தது. கடற்காற்றின் உப்பும் மைதானத்துத் தூசியும் பழைய கிரீஸோடு சேர்ந்து, உள்ளே கறுத்த களிம்பாக இறுகியிருந்தன. மண்ணெண்ணெயில் ஊறவைத்தபிறகே அது கரைந்தது. தண்டின் விட்டம் ஒன்றரை அங்குலம். மூடிய இயந்திரத்துக்குரிய நெருக்கமான அளவில் புஷ் கடைந்தால், வெளியில் மழையிலும் வெயிலிலும் நிற்கும் இந்தத் தண்டு இறுகிவிடும். அதனால் ஆயிரத்தில் நான்கு பங்கு அங்குலம் இடைவெளி விட்டு, உள்ளே கிரீஸ் ஓடுவதற்குக் குறுக்குப் பள்ளங்களும் வெட்டினேன். மோட்டார், பெல்ட் ஆகியவற்றில் சொல்லிக்கொள்ளும்படியான பழுது எதுவும் இருக்கவில்லை.

எல்லாவற்றையும் திரும்பப் பொருத்தும்போதுதான் இந்த இயந்திரத்தின் அழகு எனக்கு முழுமையாக விளங்கியது. ஒவ்வொரு சிறு சக்கரத்தையும் எந்தப் பல்லில் கோக்கிறோம் என்பதைப் பொறுத்துக் குதிரைகளின் ஓட்டம் மாறும். ஆறு தண்டுகளையும் ஒரே நிலையில் கோத்தால் வெளிவரிசை முழுவதும் ஒன்றாக எழுந்து ஒன்றாக அமரும். பார்க்கவும் நன்றாயிராது, மோட்டாரும் திணறும். ஒன்றுக்கடுத்த ஒன்றை மூன்றிலொரு பங்கு சுற்று, அதாவது ஐந்து பல், உரிய திசையில் தள்ளிக் கோத்தால், எந்த நேரத்திலும் இரண்டு தண்டுகள் ஒரு நிலையிலும், இரண்டு அடுத்த நிலையிலும், இரண்டு மூன்றாம் நிலையிலும் இருக்கும். மோட்டாரின் மேல் விழும் பாரம் சுற்று முழுவதும் சீராகப் பரவும். அப்போது இன்னொன்றும் நிகழ்கிறது. வெளிவரிசைக் குதிரைகள் அனைத்தும் தரையின் அதே நான்கு இடங்களில் உச்சிக்கு வருகின்றன, கண்ணுக்குத் தெரியாத நான்கு குன்றுகள் மைதானத்தில் நிற்க, அவற்றின் மேல் குதிரைகள் ஒவ்வொன்றாக ஏறி இறங்குவது போல. முன்பு யாரோ பூட்டும்போது இரண்டு தண்டுகள் இந்த ஒழுங்கிலிருந்து விலகிப்போயிருந்தன. இப்போது ஒவ்வொரு சிறு சக்கரத்திலும், நடுச்சக்கரத்தில் அதற்குரிய பல்லிலும் உளியால் எண் வெட்டியிருக்கிறோம். அடுத்தமுறை பூட்டுபவர் எண்ணைப் பார்த்துக் கோத்தாலே போதும். நடுச்சக்கரத்தை நாம் விரும்பிய திசையில் நிறுத்தலாம் என்பதால், உச்சி வரும் இடங்களில் ஒன்றை டிக்கட் மேசைக்கு முன்னால், பெற்றோர் கூடிநிற்கும் பக்கத்தில் அமைத்துக் கொடுத்தேன். கைப்பேசியில் படமெடுக்க நிற்கும் தாய்க்குத் தன் பிள்ளை ஒவ்வொரு சுற்றிலும் அங்கே உயர்ந்து வருவது கிடைக்கும்.

குதிரைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் மக்கள் ராட்டினத்தை நேசிப்பது அவற்றுக்காகத்தான். அமெரிக்காவில் இந்தக் கலை உச்சத்தைத் தொட்டது குடியேறிய தச்சர்களின் கையால். தளபாடம் செய்பவராக அங்கே சென்ற சார்ல்ஸ் லூஃப், நியூயோர்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரையில் முதல் ராட்டினத்தை 1876இல் நிறுவினார். பிலடெல்ஃபியாவில் குஸ்டாவ் டென்ட்ஸலின் பட்டறை சிங்கம், ஒட்டகச்சிவிங்கி, முயல் என்று விலங்குகளையெல்லாம் செதுக்கியது. மார்த்தாஸ் வின்யார்ட் தீவில், 1876இல் செய்யப்பட்ட ராட்டினம் ஒன்று இன்றும் ஓடுகிறது. அதில் ஓடும்போதே கைநீட்டிப் பித்தளை வளையத்தைப் பிடிக்கும் குழந்தைக்கு இலவசமாக இன்னொரு சுற்று உண்டு. ஈட்டியால் வளையம் கோத்த வீரர்களின் பயிற்சி அப்படிக் குழந்தைகளின் கையில் மிஞ்சியிருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

முகத்துவாரத்துக் குதிரைகளை மொரட்டுவைத் தச்சர் ஒருவர் செதுக்கியதாகப் பெரியவர் சொன்னார். உடல் ஒரே கட்டையால் ஆனதல்ல. பலகைகளை ஒட்டிய வெற்றுப் பெட்டியின் மேல் வடிவம் செதுக்கப்பட்டு, தலையும் கால்களும் தனித்தனியே செய்து இணைக்கப்பட்டுள்ளன. எடை குறைவதும், மரம் சுருங்கி விரியும்போது பெரிய வெடிப்பு விழாததும் இம்முறையின் நன்மைகள். வெள்ளைக் குதிரையின் முன்னங்கால் முழங்காலுக்குக் கீழே முறிந்து, கம்பிச் சுற்றால் கட்டப்பட்டிருந்தது. முறிவைப் பிரித்துப் பார்த்தால் காரணம் தெரிந்தது: கால் மடியும் இடத்தில் மரத்தின் இழை காலின் நீளத்தில் ஓடாமல் குறுக்கே ஓடியிருக்கிறது. ஏறுகிற ஒவ்வொரு குழந்தையும் அந்த மடிந்த முழங்காலைத்தான் படியாகப் பயன்படுத்தும். இரு துண்டுகளிலும் துளையிட்டு, தேக்கங்குச்சி ஒன்றை நெடுக இறக்கி, எபொக்சிப் பசையால் ஒட்டினோம். பழைய மூட்டுகளில் இருந்த வச்சிரம் கொழும்பின் ஈரக்காற்றில் நெகிழ்ந்து, பல இடங்களில் விரல் நகத்தாலேயே உரிந்து வந்தது. அவற்றையும் சுரண்டிவிட்டுப் புதிதாக ஒட்டினோம். பழைய எனாமல் பூச்சுகளில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்ந்த நிலையில் தேய்க்காமல், நீர் தொட்டு, முகக்கவசம் அணிந்து தேய்த்தோம். குழந்தைகள் தொட்டு விளையாடும் பொருளில் வேலை செய்பவர்கள் இதைக் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டும்.

வண்ணம் தீட்ட வந்தவர் கோயில் வாகனங்களுக்குத் தீட்டும் ஆசாரியார். இந்த ராட்டினம் ஆங்கிலேய வழக்கப்படி வலஞ்சுழியாகச் சுழல்கிறது. குதிரையின் இடப்பக்கம் வெளியே தெரியும், குதிரையில் இடப்பக்கமாக ஏறும் வழக்கத்துக்கும் அது பொருந்தும். அமெரிக்க ராட்டினங்கள் இடஞ்சுழியாகச் சுழல்வதால் அவற்றின் அலங்காரம் வலப்பக்கத்தில். எங்கேயானாலும் கூட்டத்தைப் பார்க்கும் பக்கத்தில் பூவேலையும் மணிகளும் நிறைந்திருக்க, உட்பக்கம் எளிமையாகவே விடப்படும். ஆசாரியாருக்கு இது ஏற்கவில்லை. வீதியுலா வரும் குதிரை வாகனத்தை இரு மருங்கிலும் நின்று மக்கள் வணங்குவதால், இரு பக்கத்தையும் ஒரே கவனத்தோடு தீட்டிப் பழகிய கை அவருடையது. செலவைக் கருதிச் சேணத்தின் பூவேலையை வெளிப்பக்கத்தோடு நிறுத்திக்கொண்டாலும், கண்களையும் பிடரியையும் இரு பக்கமும் ஒன்றுபோலவே தீட்டச் சொன்னேன். சிறு குழந்தையைப் பிடித்தபடி இரு வரிசைக்கும் நடுவில் நிற்கும் பெற்றோர் பார்ப்பது வெளிவரிசைக் குதிரையின் அந்த உட்பக்கத்தைத்தானே.

மணல் மூட்டைகளை மறுபடி கட்டி ஓட்டிப் பார்த்ததில் சுண்ணக்கட்டிக் கோடு நகரவில்லை, ஓசையும் இல்லை. பெரியவரின் பேரனிடம் பராமரிப்பைக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்: ஒவ்வொரு இடத்திலும் பூட்டியவுடன் நடுச்சக்கரத்தின் மூட்டு போல்ட்களைச் சரிபார்க்க வேண்டும், ஒவ்வொரு மாலையும் ஓட்டத்துக்கு முன் புஷ்களுக்குக் கிரீஸ் கொடுக்க வேண்டும், கம்பத்திலும் சக்கரத்திலும் சேர்த்து வெட்டியுள்ள அடையாளக் கோடு விலகியிருந்தால், ஒரு குழந்தையையும் ஏற்றாமல் நிறுத்திவிட வேண்டும். இரண்டாம் எண் தண்டின் சிறு சக்கரத்தில் மூன்று பற்கள் மற்றவற்றைவிட அதிகம் தேய்ந்துள்ளன. அதற்குப் பொருத்தமான உருக்குக் கட்டையைப் பஞ்சிகாவத்தையில் எடுத்து வைத்திருக்கிறோம். தென்மேல் பருவமழைக்காக ராட்டினம் தார்ப்பாயின் கீழ் நிற்கும் வாரங்களில் அதை வெட்டிப் பொருத்துவதாக ஏற்பாடு.